மார்கழியில் மார்க்கெட் ஏறுது, நம்ம நெல்லு வயல்ல நிக்குது: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு ஷேர் புரோக்கர் கிளையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது குடவாசல் பக்கம் சொந்த ஊரில் ஆறு மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறந்ததும் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் ஆட்கள் என்னை நிறுத்தி மார்க்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள். டிசம்பரில் டிவியில் "வரலாறு காணாத உச்சம்" என்று ஓடினால் அன்று சாயங்காலமே நாலு பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் சம்பாதிச்சுட்டாங்க, நான் மட்டும் வெளியில நிக்கிறேன் சார். இப்ப உள்ள போகலாமா?

உங்கள் கையில் இப்போது சும்மா கிடக்கும் பணம் இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள். குறுவை அறுத்த காசு சம்பா நடவுக்கும் உரத்துக்கும் தீபாவளிக்கும் போயிருக்கும். சம்பா இப்போது தொண்டைக்கதிரிலோ பால் பிடிக்கும் பருவத்திலோ நிற்கிறது. அது அறுத்து, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் போட்டு, பணம் வங்கிக்கு வர தை கடைசியோ மாசியோ ஆகும். மார்க்கெட் செய்தி உச்சத்தில் இருக்கும் மார்கழியில்தான் டெல்டா வீடுகளில் ரொக்கம் அடிமட்டத்தில் இருக்கிறது. 19 ஆண்டுகளில் நான் பார்த்த பெரிய சேதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு மாத இடைவெளியில் நடந்தவை. ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, கையில் காசில்லை, அதனால் கடன் வாங்குகிறார்கள்.

கடன் இல்லாத, இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் உங்களிடம் இருந்தால் மார்கழி, தை என்று பார்க்க வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதியைப் போட்டு ஆரம்பிக்கலாம், மீதியை மாதாமாதம் போடலாம். அப்படிப்பட்ட பணம் இல்லையென்றால் தை வரை பொறுங்கள். மார்க்கெட் அதற்குள் எங்கும் ஓடிவிடாது.

டிசம்பர்ல மார்க்கெட் ஏறும்ங்கறது உண்மைதானா?

"கார்த்திகைக்குப் பிறகு மழையுமில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையுமில்லை" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அது பலித்திருக்கிறது. ஆனால் 2021 ஜனவரியில் பொங்கலையொட்டி விடாமல் பெய்ததில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தப்பிய மழை கதிரைக் கெடுத்தது. பழமொழி பலிக்காத ஒரு வருஷத்தில், பலித்த பல வருஷத்து மிச்சம் போய்விடுகிறது.

டிசம்பர் ஏற்றமும் அந்த மாதிரிதான். ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் போக்கைக் காட்டும் குறியீடான நிஃப்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் ஏறத்தாழ 8 சதவீதம் ஏறியது. 2021-ல் 2 சதவீதம் போல ஏறியது. 2022-ல் 3.5 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 2023-ல் மறுபடி ஏறத்தாழ 8 சதவீத ஏற்றம். 2024-ல் 2 சதவீதம் போல இறக்கம். ஐந்தில் மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம். இதை நம்பி ஒரு மாதத்துக்காகப் பணத்தைப் போட முடியாது.

அப்போ ஏறுற வருஷத்துல ஏன் ஏறுது?

அமெரிக்காவில் தனிநபருக்கு வரி ஆண்டு டிசம்பர் 31-ல் முடிகிறது. நஷ்டத்தில் இருக்கும் பங்கை அதற்குள் விற்றுக் கணக்குக் காட்டிவிடுவார்கள். அந்த விற்பனை ஓய்ந்ததும் விலை கொஞ்சம் நிமிரும். பெரிய ஃபண்டுகள் வருஷக் கடைசி அறிக்கையில் நன்றாக ஏறிய பங்குகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். பாதிப் பேர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருப்பதால் கொஞ்சம் வாங்கினாலே விலை நகரும். வருஷத்தின் கடைசி ஐந்து வர்த்தக நாளும் புது வருஷத்தின் முதல் இரண்டு நாளும் சேர்ந்ததை அங்கே சான்டா கிளாஸ் ராலி என்பார்கள். நம் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் வரிக் காரணம் நமக்கு நேரடியாகப் பொருந்தாது. வெளிநாட்டுப் பணம் வழியாக அந்த அலை இங்கே வருகிறது.

2023 டிசம்பருக்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன. டிசம்பர் 3-ம் தேதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் தேர்தல் முடிவுகள் வந்து மூன்றிலும் பாஜக வென்றது. மத்தியில் ஆட்சி மாறாது என்று மார்க்கெட் எடுத்துக்கொண்டது. 13-ம் தேதி அமெரிக்க மத்திய வங்கி அடுத்த ஆண்டு வட்டியைக் குறைப்போம் என்று கோடு காட்டியது. நவம்பர் கடைசியில் 20,133-ல் இருந்த நிஃப்டி வருஷக் கடைசியில் 21,731-ல் முடிந்தது. இவை அந்த வருஷத்துக் காரணங்கள். அடுத்த மார்கழிக்குத் தானாக வந்துவிடாது.

அதே 2023-ல் நம் பக்கம் என்ன நடந்தது என்பதும் எனக்கு மறக்கவில்லை. ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். குறுவை காய்ந்தது, சம்பா போடவே பலர் யோசித்தார்கள். வயல் கைவிட்ட வருஷத்தில் போனைத் திறந்தால் மார்க்கெட் உச்சம். விட்டதை அங்கே பிடித்துவிடலாம் என்று அப்போது வந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடனில் இருந்தவர்கள் அவர்கள்.

வீட்டு நகையை வச்சு ஷேர் வாங்கி, ரெண்டு மாசத்துல மீட்டுடலாமா?

வேண்டாம். நான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

2007 மார்கழி. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 20,000-ஐத் தொட்டு நின்ற நேரம். கிளையில் உட்கார்ந்து தினமும் மற்றவர்கள் லாபத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனைவியின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்து, சாலைப் பணி, கட்டுமானம் என்று ஏறிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினேன். தை பிறந்ததும் விற்றுச் சங்கிலியை மீட்பது என்று திட்டம். 2008 ஜனவரி 21-ல் சென்செக்ஸ் ஒரே நாளில் 1,408 புள்ளி இறங்கியது. மறுநாள் காலை திறந்ததும் கீழ்வரம்பைத் தொட்டு ஒரு மணி நேரம் வர்த்தகமே நின்றது. அன்று கவுன்ட்டருக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. ஜனவரியில் 6,357 வரை போன நிஃப்டி அக்டோபர் 27-ல் 2,252 வரை வந்தது. என் பங்கு அதைவிட மோசம், ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

சரி, நெல்லை விற்று மீட்டுவிடலாம் என்று இருந்தேன். நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. ஒரத்தநாட்டில் மட்டும் 66 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊர் வயல்கள் வாரக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. மார்க்கெட்டும் போய், பயிரும் போன அந்த வருஷத்தில்தான் புரிந்தது: நான் இரண்டு தனித்தனிப் பந்தயம் கட்டியதாக நினைத்திருந்தேன், இரண்டும் ஒரே சங்கிலியில் மாட்டியிருந்தது. அதை மீட்க 2010 ஆயிற்று. அதற்குள் கட்டிய வட்டியை மனைவி ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

கணக்காகவும் பாருங்கள். 2007 டிசம்பர் 31-ல் நிஃப்டி 6,139. ஆறு வருஷம் கழித்து 2013 டிசம்பர் 31-ல் 6,304. இடையில் கம்பெனிகள் லாபத்திலிருந்து தந்த டிவிடெண்டை விட்டுப் பார்த்தால் ஆறு வருஷத்தில் 165 புள்ளிதான். ரொக்கத்தில் போட்டவர் அந்த ஆறு வருஷம் காத்திருக்கலாம். 9 சதவீத வட்டிக்கு நகை வைத்தவர் வாங்கிய தொகையில் பாதிக்கு மேல் வட்டியாகவே கட்டியிருப்பார். தெரு அடகுக் கடையில் ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். எந்த மார்க்கெட்டும் வருஷா வருஷம் அதைத் தராது.

கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வட்டியில்லாம கிடைக்குதே, அதைப் போடலாமா?

கூடாது. தவணைக்குள் கட்டினால்தான் வட்டியில்லை. தவணை வரும் நாளில் பங்கு இறங்கியிருந்தால் நஷ்டத்துக்கு விற்றுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி ஏறும், அடுத்த போகத்துக்குக் கடன் கிடைக்காது. பயிருக்கென்று வாங்கும் கடனை வேறு வேலைக்குத் திருப்புவது விதிப்படியும் தவறு.

சம்பா பணம் தையில வரும். அதை எப்படிப் போடறது?

நான் மனதாரப் பேச விரும்பும் கேள்வி இதுதான். கொள்முதல் பணம் வந்த அன்று அதை நாலு கூறாகப் பார்க்க வேண்டும். முதலில் சங்கக் கடன், நகைக் கடன், கைமாற்று. அடுத்து, ஆனியில் குறுவைக்கோ ஆவணியில் சம்பா நாற்றங்காலுக்கோ ஆகும் செலவு: உழவு, விதை, நடவுக் கூலி, உரம். மூன்றாவது ஒரு வருஷச் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு. இவ்வளவும் போக நிற்பதே பங்குக்கான பணம். பல வருஷம் அந்த நாலாவது கூறு இருக்காது. அப்போது போடாமல் இருப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. தரிசில் தெளித்த உளுந்து நன்றாக வந்தால் அந்தக் காசிலிருந்து ஆரம்பித்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை தானாக ஃபண்டுக்குப் போகும் முறை, மாதச் சம்பளக்காரர்களுக்கு நன்றாகப் பொருந்தும். நமக்கு வருமானம் வருஷத்தில் இரண்டு முறைதான். எஸ்ஐபி போட்டுவிட்டு ஆடியிலும் ஆவணியிலும் கணக்கில் இருப்பு இல்லாமல் போனால், ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். அதனால் நான் சொல்வது இது. நாலாவது கூற்றை மொத்தமாக ஒரு லிக்விட் ஃபண்டில், அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டில், போடுங்கள். அங்கிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை நிஃப்டியில் உள்ள ஐம்பது பங்குகளையும் அப்படியே வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறும்படி எழுதிக் கொடுங்கள். இதை எஸ்டிபி என்பார்கள். ஐப்பசி வரை பத்துத் தவணையாகப் பிரித்தால், உச்சத்தில் மாட்டிக்கொள்ளும் பயம் குறையும். நடுவில் மாடு நோய்ப்பட்டாலும் பம்ப் செட் ரிப்பேரானாலும் லிக்விட் ஃபண்டில் மிச்சமிருப்பதை ஓரிரு நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

தனித்தனிக் கம்பெனிப் பங்கு வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம். அதன் ஆண்டறிக்கையை உட்கார்ந்து படிக்க நேரமும் பொறுமையும் இருக்க வேண்டும். அறுவடை, நடவு என்று ஓடும் மாதங்களில் எனக்கே அது முடியவில்லை.

ஏற்கெனவே வச்சிருக்கேன், நல்ல லாபம். வித்துட்டு உட்காரலாமா?

எதற்காக வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மகள் கல்யாணம் வைகாசியில், மண்டபம் பேசியாகிவிட்டது என்றால் இப்போதே விற்றுவிடுங்கள். இன்னும் ஏறுமோ என்று ஒருநாள்கூடப் பார்க்க வேண்டாம். வேறு தேவை இல்லாமல், ஏறிவிட்டதே என்ற பதற்றத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் திரும்ப உள்ளே வருவதில்லை. வந்தாலும் இன்னும் மேலே போனபிறகு வருகிறார்கள். ஒரே பங்கு உங்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தால் அதில் கொஞ்சம் குறைப்பது புத்திசாலித்தனம்.

வரியைத் தெரிந்துகொண்டு விற்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரியில்லை என்பதால் பங்கு லாபத்துக்கும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 2024 ஜூலை 23 முதல், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்ற லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். பன்னிரண்டு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் 20 சதவீதம். நமக்கு டிசம்பர் கெடு இல்லை என்பதால், பெரிய லாபம் இருந்தால் பாதியை மார்ச் 31-க்குள்ளும் மீதியை ஏப்ரலிலும் விற்கலாம். அந்த 1.25 லட்சம் விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

வாங்கினதுக்கு அப்புறம் ஜனவரியில இறங்கிட்டா?

இறங்கலாம். 2023 கடைசியில் 21,731-ல் வாங்கியவருக்கு 2024 செப்டம்பரில் நிஃப்டி 26,277 காட்டியது. 2025 ஏப்ரல் 7-ம் தேதி அமெரிக்க வரி அறிவிப்புக் கலக்கத்தில் 21,743 வரை இறங்கியது. பதினைந்து மாதம் கழித்து, வாங்கிய இடத்துக்கே வந்து நின்றது. அன்று பயந்து விற்றவர்களையும் தெரியும், செயலியைத் திறக்காமலே இருந்தவர்களையும் தெரியும். சில வாரத்திலேயே மார்க்கெட் நிமிர்ந்தது. நிமிராமல் 2008 போல வருஷக்கணக்கில் கிடந்திருக்கவும் கூடும். அந்த இரண்டாவது நிலைமையைத் தாங்கும் பணமா என்று வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கஜா புயலில் 2018 நவம்பரில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்தவர்களுக்கு மறுபடி காய் வெட்ட எத்தனை வருஷம் ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊடுபயிர் வைத்திருந்தவர்கள், வேறு வருமானம் இருந்தவர்கள் தாங்கினார்கள்.

ஆப்ஷன்ல குறைஞ்ச காசுல நிறையப் பார்க்கலாம்ங்கிறானே பையன்?

தம்பியை உட்காரவைத்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் கணக்கைக் காட்டுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டில் எஃப் அண்ட் ஓவில், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில், இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். செலவு சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2 லட்சம் என்பது நம் பக்கம் ஒரு குடும்பத்தின் இரண்டு போக மிச்சம். பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம், அந்த 93 பேரிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். திட்ட வேண்டாம். திட்டினால் மறைத்துச் செய்வான், கடன் வாங்கிச் செய்வான். எவ்வளவு போயிருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்ல டிப்ஸ் தர்றாங்க. முதல் ரெண்டு தடவை லாபமும் வந்துச்சு.

அந்த லாபம் செயலியில் தெரிகிற எண்ணாக மட்டும் இருந்தால் உடனே நிறுத்துங்கள். டிசம்பர் ஏற்றத்தில் இந்த வலை அதிகமாக விரிக்கப்படுகிறது. பெரிய நிறுவனப் பெயரைப் போட்ட போலிச் செயலி, தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்பது, எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் விடுவோம்" என்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மோசடிதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

மகன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன் பழைய டீமேட்லயே வாங்கிக்கலாமா?

வேலைக்குப் போய் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால் உள்ளூர்வாசியாக இருந்தபோது தொடங்கிய டீமேட்டை, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கை, அப்படியே நடத்தக் கூடாது. வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு சேர்த்த கணக்காக மாற்ற வேண்டும். அடுத்த முறை விடுப்பில் வரும்போது முதல் வேலையாக முடிக்கச் சொல்லுங்கள்.

தாத்தா பீரோவுல பழைய காகித ஷேர் சர்டிஃபிகேட் கிடைச்சுது. மார்க்கெட் ஏறியிருக்கே, விக்கலாமா?

நம் ஊர்களில் இது அபூர்வமில்லை. 1904-ல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கியதே இன்றைய சிட்டி யூனியன் வங்கி. பங்கு வாங்கிப் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பழக்கம் காவிரிக்கரைக்குப் புதிதில்லை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை இன்னொருவருக்கு மாற்றி விற்க முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி டீமேட்டில் ஏற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், பான் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். "கல்யாணசுந்தரம்" ஒரு தாளில் "கல்யாணசுந்தரம் பிள்ளை" என்று இருந்தாலே மாதக்கணக்கில் இழுக்கும். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்கே ஐஇபிஎஃப் என்ற மத்திய அரசு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறோம் என்று வருபவரிடம் மூலச் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.

வித்தா பணம் எப்ப கைக்கு வரும்? பொங்கலுக்கு அறுப்பு மிஷினுக்குக் கொடுக்கணும்.

2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் விற்ற மறு வேலைநாளில் கணக்கு முடிகிறது. ஆனால் அந்தப் பணம் புரோக்கரிடம் உள்ள உங்கள் கணக்கில் நிற்கும். எடுக்கிறேன் என்று செயலியில் நீங்கள் பதிவு செய்தால்தான் வங்கிக்கு வரும். பொங்கலுக்கு மும்பை மார்க்கெட் பெரும்பாலும் திறந்தேயிருக்கும், நம் ஊர் வங்கிக் கிளை மூன்று நாள் மூடியிருக்கும், ஏடிஎம்மில் போகியன்றே காசு தீர்ந்துவிடும். மிஷின்காரர் ரொக்கம்தான் கேட்பார் என்றால் மார்கழி இருபத்தைந்துக்குள் விற்று, ரொக்கமாக எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.